கடைசிக் கச்சேரிக்கு மட்டும் வருகிறவர்கள்

பாட்டு கேட்கிறவர்களில் பல ரகம் உண்டு. தாளம் போடத் தன் தொடை போதாமல் பக்கத்து நாற்காலிக்காரர் தொடையையும் எடுத்துக்கொள்கிறவர் ஒரு ரகம். பல்லவி முடிவதற்குள் படத்தின் பெயர், வந்த வருடம், நாயகி கட்டியிருந்த சேலையின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பாட்டைக் கேட்காமலே எழுந்து போகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. தள்ளி உட்கார்ந்துகொண்டால் போதும். நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது வேறொருவரை. ஒரு குழு பல வருடம் பாடிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, அது பாட்டை நிறுத்தப்போகிறது என்று கேள்விப்பட்டதும் விமானம் ஏறி வந்து, முதல் வரிசையில் இடம் பிடித்து, அழுவதற்குத் தயாராக உட்காருகிறாரே, அவரை. கடைசிக் கச்சேரி ரசிகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உள்ளூரில் இருக்கிறவருக்கு இந்த வியாதி வருவது குறைவு. ஒரு கடலாவது தாண்டியிருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில், "இவங்க பாட்டுதாங்க எங்களுக்குச் சோறு, தண்ணி எல்லாம்" என்று தொடங்குவார். அப்படியா, எந்தக் கச்சேரிக்குப் போனீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். போயிருப்பார், மறுக்க முடியாது. பாடுகிற இடத்துக்கு வெளியே, பிரியாணி வாங்குகிற வரிசையில் நின்றிருப்பார். காற்று அந்தப் பக்கம் அடித்தபோது காதில் விழுந்ததைத்தான் இத்தனை காலமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மஸ்கட்டில் 'சாரல் பிரதர்ஸ்' என்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பிரதர்ஸ் என்றால் உடன்பிறந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். பாடுகிற சுந்தரபாண்டியன் தென்காசிக்காரர், அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கீபோர்டு வாசிக்கிற ஆதம் கடையநல்லூர்க்காரர், டயர் கடையில் வேலை பார்த்தார். மற்றவர்கள் வருவார்கள், விசா முடிந்தால் போவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு தொழிலாளர் முகாமில், தகரக் கொட்டகைக்குள், மின்விசிறியின் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். கேட்டவர்கள் கொத்தனார்கள், வெல்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். அவர்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்கள். இப்போது யாரும் அவர்களைக் கச்சேரிக்கு அழைப்பதில்லை.

அழைக்கப்படுகிறவரும் அழைக்கிறவரும் பால்வண்ணநாதன். வீரகேரளம்புதூரில் பிறந்து, கொஞ்ச காலம் மஸ்கட்டில் எஞ்சினியராக இருந்து, இப்போது டொராண்டோவில் வீடு வாங்கி இருக்கிறவர். சாரல் பிரதர்ஸ் உலக ரசிகர் பேரவையின் தலைவர். குழு பாடிக்கொண்டிருந்தவரை பேரவை கிடையாது. நிறுத்தப்போகிறோம் என்று சொன்ன மறுநாள் தொடங்கினார். அவருக்குச் சுந்தரபாண்டியன் மேல் உயிர். "அண்ணாச்சிக்கு உசுரையே குடுப்பேன்" என்று மேடை கிடைக்கும்போதெல்லாம் சொல்லுவார். இந்த ரகத்தில் எல்லாருமே உயிரைத்தான் கொடுக்கிறார்கள். உயிரைக் கேட்டு யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் கடைசிக் கச்சேரி மஸ்கட்டில் நடந்தது. இரண்டாவது கடைசிக் கச்சேரி துபாயில், மஸ்கட்டுக்கு வர முடியாதவர்களுக்காக. மூன்றாவது கடைசிக் கச்சேரி சிங்கப்பூரில், துபாயில் எல்லாரும் அழுததை வீடியோவில் பார்த்து, நாமும் அப்படி அழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்காக. ஏன் இந்தக் கடைசி மோகம் என்று கேட்கிறீர்களா? சாதாரணக் கச்சேரிக்குப் போனால் பாட்டு கேட்கலாம், அவ்வளவுதான். கடைசிக் கச்சேரிக்குப் போனால் "நான் அங்கே இருந்தேன்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லலாம். பாட்டு எப்படி இருந்தது என்று எவரும் கேட்கப்போவதில்லை.

இப்படிக் கடைசிக்கு மேல் கடைசி நடந்துகொண்டிருந்தபோது தென்காசியில் ஒரு முட்டி காத்திருந்தது. சுந்தரபாண்டியனின் மனைவி வள்ளித்தாயின் வலது முட்டி. நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி எடுத்தவள், அதனால் பகல் நேரத்தில் அவளுக்குத் துணையாகப் போய்வருகிறேன். எலும்பும் எலும்பும் உரசுகிற முட்டி அது. மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி வெகு காலம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் குடும்பத்து ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது விதி. மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான், எந்தக் கடலில் என்று அவனுக்கே சில நாள் தெரியாது. மகள் மெல்போர்னில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். மிச்சம் புருஷன். ஒவ்வொரு முறை தேதி குறிக்கும்போதும் எங்கேயோ ஒரு கடைசிக் கச்சேரி முளைத்தது, முட்டி தள்ளிப்போயிற்று. இனியும் தள்ளினால் கால் வளைந்துவிடும், அதற்குப் பிறகு மாற்றினாலும் நேராக வராது என்று டாக்டர் இந்த முறை தீர்த்துச் சொல்லிவிட்டார். பிறந்த மண்ணில், குற்றாலத்தில், ஒரே ஒரு கச்சேரி, அதோடு மைக்கைத் தொட மாட்டேன் என்று சுந்தரபாண்டியன் மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. திங்கள்கிழமை காலையில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

சீசன் நல்ல சீசன். உலகத்தின் பல மூலைகளிலிருந்து பேரவை வந்து இறங்கியது. எல்லார் நெஞ்சிலும் 'கடைசிச் சாரல்' என்று அச்சடித்த பனியன். அருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்ததால், உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்கு எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லாட்ஜ் அறையில் ஷவரைத் திறந்து குளித்துவிட்டு, 'குற்றாலக் குளியல், சொர்க்கம்' என்று எழுதிப் படம் போட்டார்கள். பரோட்டாவைச் சாப்பிடுவதற்கு முன்னால் படம் எடுத்தார்கள், மங்குஸ்தானை உரிப்பதற்கு முன்னால் எடுத்தார்கள், கடித்துத் துப்பிய கொட்டையையும் எடுத்தார்கள். நல்ல பசி, நல்ல ஜீரணம். அந்த வகையில் ஆரோக்கியமானவர்கள்தான்.

கச்சேரி ஐந்தருவி போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேலே தகர ஷீட், அதன் மேல் சாரல். கனடாவில் காலைக் காபிக்கும் மஸ்கட்டில் மதியத் தூக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி நேரம் பார்த்து வைத்திருந்தார்கள். குற்றாலத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எது தோது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. சுந்தரபாண்டியனும் ஆதமும் பின்னால் அறையில் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பால்வண்ணநாதன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இது உலகம் பூரா லைவ் போகுது. நீங்க கைதட்டுனா மைக்குல வெடி போட்ட மாதிரி விழுது, அண்ணாச்சி குரல் அமுங்கிப்போகுது. சிங்கப்பூர்ல அப்படித்தான் ரெக்கார்டிங் பூரா வீணாப்போச்சு. அதனால இன்னிக்கு யாரும் கைதட்ட வேண்டாம். பிடிச்சிருந்தா போன்ல ஹார்ட் போடுங்க."

"விசிலடிக்கலாமா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"விசிலுக்கும் ஹார்ட்தாம்லே."

சக்கர நாற்காலியில் இருந்த வள்ளித்தாய் என் பக்கம் சாய்ந்தாள். "யக்கா, கைதட்டக்கூடாதுன்னா இவுக எதுக்கு வந்துருக்காவ?"

"படம் புடிக்க."

"அப்போ பாக்கதுக்கு?"

"அத வீட்ல போயிப் பாப்பாவ."

"பாப்பாவளாக்கும்," என்றாள்.

முதல் பாட்டு முடிந்தது. ஒரு சத்தம் இல்லை. தகரத்தின் மேல் சாரல் விழுகிற சத்தம் மட்டும். மண்டபம் நிறைய ஆட்கள், ஆளுக்கு இரண்டு கை, அத்தனை கையும் மேலே, அத்தனை கையிலும் போன், அந்தச் சின்னத் திரைகள் எல்லாவற்றிலும் சுந்தரபாண்டியன், முன்னால் மேடையில் நிற்கிற சுந்தரபாண்டியனை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கட்டை விரல்கள் இதயங்களை அழுத்திக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஷாரோன் என்கிற பெண் தாரைதாரையாக அழுதாள். கண்ணீர் வடிந்து, மூக்கும் ஒழுகியது. கை இரண்டும் வேலையாக இருந்ததால் துடைக்க வழியில்லை. தொழில் பழக்கம், என் துண்டால் துடைத்துவிட்டேன். "தேங்க்ஸ் ஆச்சி" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது பாட்டுக்கும் அதே மௌனம். மூன்றாவதில் சுந்தரபாண்டியன் குரலை ஒரு கட்டை ஏற்றிப் பாடினார். நான்காவதில் இடுப்பை ஆட்டினார். அந்த வயதில் அந்த இடுப்பை அப்படி ஆட்டக்கூடாது, நான் அங்கிருந்தே சைகை காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெல்டர்களின் கைதட்டலில் வளர்ந்த மனுஷன், கூட்டத்தைப் பார்த்தார், ஆதமைப் பார்த்தார், தன் சட்டைப் பொத்தானைக்கூடக் குனிந்து பார்த்துக்கொண்டார். கடைசிப் பாட்டு என்று அறிவித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"பாட்டு நல்லா இல்லையா?" என்றார் மைக்கில்.

பால்வண்ணநாதன் ஓடிப்போய் மேடையில் ஏறி, போனை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். "என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய? இங்க பாருங்க. எத்தன ஆயிரம் ஹார்ட்டு. குவைத்துல ஒருத்தர் அழுதுக்கிட்டே போட்டுருக்காரு."

"இதுதானாலே கைதட்டு?"

"ஆமா அண்ணாச்சி."

"சத்தம் வரலையே."

"அது சத்தம் வராது, அண்ணாச்சி. பறக்கும்."

சுந்தரபாண்டியன் அந்த இதயங்கள் பறப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொசுவைப் பார்க்கிற மாதிரி. "எனக்குச் சத்தம் கேக்கணும்லே," என்றார். "கேட்டாத்தான் முடிச்ச மாதிரி இருக்கும். இப்படி ஊமையா எறங்கிப்போக என்னால முடியாது."

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? ஏ, போனைப் பையில் போட்டுவிட்டுக் கைதட்டுங்கப்பா என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்பிவைப்போம். கடைசிக் கச்சேரி ரசிகரின் மூளை அப்படி வேலை செய்யாது. பால்வண்ணநாதன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ டொராண்டோ, அண்ணாச்சி. அடுத்த மாசம். ஹாலு பாத்தே வச்சிருக்கேன். அங்கன வச்சு முடிப்போம், தொண்டை கிழியக் கத்துவாங்க."

சுந்தரபாண்டியனுக்கு ஆசை வந்துவிட்டது, தூரத்திலிருந்தே தெரிந்தது. "ஏலே ஆதம், நீ என்ன சொல்லுத?"

ஆதம் கீபோர்டிலிருந்து தலை தூக்கவில்லை. "எனக்கு என்னலே. எம் முட்டி நல்லாத்தான் இருக்கு."

மண்டபம் சிரித்தது. சுந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பிக்கொண்டார். "ஒரே ஒரு மாசம், வள்ளி. இதுதான் கடைசி," என்றார், மைக்கில், உலகம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி. உலகம் இதயங்களை அனுப்பியது.

வள்ளித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைத் தடவினாள். பிறகு, "யக்கா, அந்த மைக்க இங்கன வாங்கித் தாங்க," என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்று தொடங்கினாள், பழக்கப்பட்டவள் மாதிரி. "அவுக பாடட்டும். நான் மறிக்கல. நாளைக்குக் காலைல நான் ஆஸ்பத்திரியில படுக்கணும். கூட இருக்க ஒரு ஆளு வேணும். அவுகளுக்குப் பதிலா உங்கள்ல ஒருத்தர் வாங்க. அண்ணன் அண்ணன்னு சொல்லுதீய, அப்போ நீங்க எனக்குக் கொழுந்தன்மாரு, நாத்தனாமாருதான். சொந்தம்னு நான் எழுதிக் குடுத்துருதேன். தனி ரூம்தான், ஆம்பள பொம்பள யாருன்னாலும் சரி. என்ன செய்யணும்னு அக்கா சொல்லுவாவ."

மைக் என்னிடம் வந்தது. சொன்னேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த அன்று இரவு தூக்கம் கிடையாது, நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும், முட்டிக்கு ஐஸ் பை வைத்து வைத்து எடுக்க வேண்டும், எடுத்தால் வலிக்கிறது என்பாள், வைத்தால் குளிருகிறது என்பாள், ஆயா வர நேரமானால் படுக்கையிலேயே மலத் தட்டு வைத்து எடுக்க வேண்டும், முகத்தைச் சுளிக்காமல் எடுக்க வேண்டும், ஏனென்றால் படுத்திருக்கிறவர் பார்ப்பது முகத்தைத்தான், காலை மடக்கவும் நீட்டவும் வைக்கும்போது அவள் உங்கள் அப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டுவாள், அதற்குப் பதில் பேசக்கூடாது, நடக்க வைக்கும்போது பின்னால் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், சாப்பாடு ஆறிப்போயிருக்கும், அதைச் சாப்பிட வேண்டும், தூக்கம் நாற்காலியில். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம். "பெருசா ஒண்ணும் இல்ல," என்று முடித்தேன். "வாறவுக கையத் தூக்குங்க."

இங்கேதான் ஒரு சிக்கல். எல்லார் கையும் ஏற்கனவே மேலேதான் இருந்தது.

போன் பிடித்த கையைப் பார்த்து இவள் நம்மைத்தான் எண்ணிக்கொள்வாளோ என்ற பயம் முதலில் யாருக்கு வந்தது என்று தெரியாது. முன் வரிசையில் ஒரு கை இறங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, காற்றில் சாய்கிற சோளத்தட்டை மாதிரி, மண்டபத்தில் இருந்த அத்தனை கையும் இறங்கி, போன்கள் பைகளுக்குள் போயின. அன்றைக்கு முதல் தடவையாக எல்லார் முகத்தையும் பார்க்க முடிந்தது. பார்க்கிற மாதிரி இல்லை.

"நீ வாறியாம்மா?" என்று வள்ளித்தாய் ஷாரோனைக் கேட்டாள். "மதியம் என்னையப் பாத்து அம்மா மாதிரின்னு சொன்னியே."

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும் ஆன்ட்டி."

"மயங்குனா பக்கத்துக் கட்டில்ல போட்டுருவாவ. ஆஸ்பத்திரிதானே."

ஷாரோன் என் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். பால்வண்ணநாதன் தொண்டையைச் செருமினார். "மதினி, நான் கட்டாயம் இருப்பேன். உசுரையே குடுப்பேன். ஆனா கனெக்டிங் பிளைட்டு. மாத்த முடியாத டிக்கெட்டு. நல்ல ஹோம் நர்சு ஒண்ணு நான் ஏற்பாடு பண்ணித் தாரேன்."

"நர்சு இந்தா இருக்காவ," என்று என்னைக் காட்டினாள். "எழுவது தாண்டியாச்சு. ஆஸ்பத்திரி நாற்காலியில ஒரு ராத்திரி உக்காந்தா இவுகளுக்குத் தனியா ஒரு ஆளு வேணும்."

உண்மைதான், நான் ஆட்சேபிக்கவில்லை. லைவ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் மாட்டியிருந்த போனில் எந்தப் பாட்டுக்கும் வராத அளவுக்கு இதயங்கள் வந்து குவிந்தன. கனடா அனுப்பியது, லண்டன் அனுப்பியது, குவைத்தில் அழுதவர் கைகூப்புகிற பொம்மையும் சேர்த்து அனுப்பினார். ஆள் ஒன்றும் வரவில்லை.

சுந்தரபாண்டியன் மேடையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு, கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். டொராண்டோவில் தொண்டை கிழியக் கத்தப்போகிறவர்களின் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார்கள் துண்டுக்குள் இருந்தார்கள். அவர் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கிறவர் மாதிரி, தன் வலது கையைத் தூக்கினார்.

"நான் இருக்கேன்," என்றார்.

அப்போது கைதட்டினார்கள் பாருங்கள். மண்டபத்தின் தகரம் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள், விசிலடித்தார்கள், பின்வரிசையில் நாற்காலிகள் கவிழ்ந்தன. அவ்வளவும் நிம்மதி. கேள்வி கேட்க யார் பேரையும் கூப்பிடாமல் வாத்தியார் மணி அடிக்க விட்டுவிட்டார் என்றால் வகுப்பு எப்படி இரையும், அதே இரைச்சல். ஆனால் மேடையில் நிற்கிறவருக்குக் கைதட்டலின் காரணம் கேட்காது, சத்தம்தான் கேட்கும். சுந்தரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கடைசித் தட்டு அடங்குகிறவரை. பிறகு கும்பிட்டார்.

"ஆதம், போதும்லே. முடிஞ்சுது."

ஆதம் அந்த வினாடியே கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டார். விட்டால் மனசு மாறும் என்று பழகினவருக்குத் தெரியும்.

வள்ளித்தாய்க்குக் கண் கலங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. புருஷன் மேடையிலிருந்து இறங்கி வந்ததும், "ஆஸ்பத்திரியில வந்து பாடக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள்.

"முணுமுணுக்கலாமா?"

"தட்டு எடுக்கும்போது வேணா முணுமுணுத்துக்கிடுங்க."

அவளைக் காரில் ஏற்றும்போது பால்வண்ணநாதன் ஓடி வந்தார். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைக்கச் சொன்னேன். ஒரு கையால் மடக்கப் பார்த்தார். இன்னொரு கை வெளியே வந்துவிட்டிருந்தது, போனோடு. "அண்ணாச்சி, ஒரு சின்ன யோசனை. மதினி ஆபரேஷன் முடிஞ்சு மொத அடி எடுத்து வைக்கும்போது, ஆஸ்பத்திரியிலருந்து ஒரு லைவ்..." வள்ளித்தாய் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

திங்கள்கிழமை சேர்ந்தார்கள். கால் நேராக வந்தது. சுந்தரபாண்டியன் முதல் நாள் ஐஸ் பையை இடது முட்டியில் வைத்தார், இரண்டாம் நாள் சரியான முட்டியைக் கண்டுபிடித்தார், அதன் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரவையும் சும்மா இல்லை. கடைசிக் கச்சேரியின் முதலாம் ஆண்டு நினைவுக் கச்சேரியை எங்கே நடத்துவது என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

இதை வாசித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு, அட, இது நம்ம மாமா மகன்தான், இது நம்ம பழைய ஆபீஸ்காரர்தான் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்திருக்கும். அவர்களுக்கு இதை அனுப்பிவைக்க விரலும் துடிக்கும். நீங்கள் அந்த ரகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்டுவைக்கிறேன். உங்களுக்கும் உயிரான ஒருவர் இருப்பார். பாடுகிறவரோ, எழுதுகிறவரோ, பந்து அடிக்கிறவரோ. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் வீட்டில் இப்போது யார் படுத்திருக்கிறார்கள், யார் அவர்களைத் தூக்கி உட்காரவைக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாதென்றால் நாளைக் காலை பஸ் ஏறிப் போய் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார முடியுமா?

அவசரம் இல்லை. டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முடியாவிட்டால் என்ன, ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போங்கள்.